நாற்பது அடிக் கம்பி

உலகிலேயே உயரமான கட்டடம் எது என்று கேட்டால் எல்லோரும் மீட்டரில் பதில் சொல்வார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கம்பி ஆலையின் சோதனைக் கூடத்தில் காலம் தள்ளிய எனக்கு டன் கணக்குதான் முதலில் வாயில் வரும். துபாயில் 2010 ஜனவரியில் திறந்த புர்ஜ் கலீஃபா 828 மீட்டர்; அதற்குள் போன கம்பி ஏறத்தாழ 39,000 டன். ட்ரெய்லருக்கு 25 டன் வீதம் ஏற்றினால் 1,560 வண்டி. எங்கள் சிப்காட் வாசலிலிருந்து ஜி.என்.டி. சாலையில் அத்தனையையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால், வரிசை காரனோடையைத் தாண்டிச் செங்குன்றத்தை நெருங்கிவிடும்.

அங்கே போனது எங்கள் ஊர்க் கம்பி என்று நான் சொல்லவில்லை. ஆனால் வளைகுடாவுக்குக் கம்பி கட்டப் போனவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. விசாவில் 'ஸ்டீல் பிக்ஸர்' என்று போட்டிருக்கும். கட்டடங்களின் வரலாற்றை மாடிக் கணக்கில் எழுதுகிறார்கள். கம்பியை வைத்து எழுதினால் அது வேறு மாதிரி வரும். கம்பி மாறிய போதெல்லாம்தான் மாடி ஏறியிருக்கிறது. அந்த வரலாற்றில் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் ஓர் இடம் உண்டு. அது கம்பி வருவதற்கு முன்பே தொடங்குகிறது.

சென்னைப் பட்டணத்தின் பழைய கட்டடங்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் கொடுத்த இடங்களில் முக்கியமானது பழவேற்காடு ஏரி. டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய அதே பழவேற்காடுதான். ஏரியில் வாரிய கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்துக் கலவை செய்தார்கள். மேல்பூச்சுக்கு வெல்லத் தண்ணீரும் கடுக்காய்த் தண்ணீரும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்தார்கள். தேய்க்கத் தேய்க்கச் சலவைக்கல் போல மின்னிய அந்தப் பூச்சைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் ஊருக்குக் கடிதம் எழுதினார்கள். கிளிஞ்சலும், ஸ்ரீஹரிக்கோட்டாக் காட்டு விறகும், உப்பும் பக்கிங்காம் கால்வாயில் படகேறிப் பட்டணத்துக்குப் போயின. 1965, 66 புயல்களுக்குப் பிறகு அந்தக் கால்வாய்ப் போக்குவரத்து எழுந்திருக்கவே இல்லை.

சுண்ணாம்பும் செங்கலும் நெருக்குவதைத் தாங்கும், இழுப்பதைத் தாங்காது. அதனால் மாடி ஏற ஏறக் கீழ்ச்சுவர் தடித்துக்கொண்டே போக வேண்டும். தளத்துக்குத் தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கல்லைக் குத்துவாட்டில் மூலைவிட்டமாக அடுக்குவது மெட்ராஸ் டெரஸ். அதில் இரண்டு மாடி, மூன்று மாடி வரைக்கும் சரி. அதற்கு மேல் ஆசைப்பட்டால் தரைத்தளம் முழுக்கச் சுவராகிவிடும்.

மாவட்டத்தின் இன்னொரு சரக்கு சவுக்கு. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினுக்கு விறகாகக் கடற்கரை மணலில் வளர்க்கத் தொடங்கிய மரம், நிலக்கரி வந்த பிறகு சாரத்துக்கும் சென்ட்ரிங்குக்கும் போயிற்று. பொன்னேரி வட்டத்துச் சவுக்குத் தோப்புகள் பட்டணத்துக் கட்டடங்களுக்கு முட்டுக் கொடுத்தன. கான்கிரீட் இறுகியதும் அவிழ்த்துக் கழற்றி அடுத்த வேலைக்குக் கொண்டு போவார்கள்.

இனி கம்பிக்கு வருவோம். வானளாவிகளின் கதையைச் சிகாகோவில் 1885-இல் கட்டிய 10 மாடி ஹோம் இன்சூரன்ஸ் கட்டடத்திலிருந்து தொடங்குவது வழக்கம். அது இரும்பு, எஃகுச் சட்டத்தில் நின்ற கட்டடம். 1931-இல் எழுந்த எம்பயர் ஸ்டேட் வரை அமெரிக்காவின் பெரிய பெயர்கள் எல்லாம் அந்தச் சாதி: உத்தரத்தையும் தூணையும் ஆணி அடித்துச் சேர்த்த எஃகுக் கூடு. எங்கள் தொழிலுக்கு மூதாதை வேறொருவர். எர்னஸ்ட் ரான்ஸம் என்பவர் சதுரக் கம்பியைக் குளிர்ந்த நிலையிலேயே முறுக்கி, கான்கிரீட்டுக்குள் வழுக்காமல் நிற்க வைத்து, 1884-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அந்த முறையில் சின்சினாட்டி நகரில் 1903-இல் எழுந்த 16 மாடி இங்கல்ஸ் கட்டடம்தான் உலகின் முதல் கான்கிரீட் வானளாவி. சென்ட்ரிங் பிரிக்கும் அன்று அது விழும், செய்தி போடலாம் என்று ஒரு பத்திரிகைக்காரர் ராத்திரி முழுக்க விழித்துக் காத்திருந்ததாகக் கதை சொல்வார்கள். கட்டடம் விழவில்லை.

கம்பியும் கான்கிரீட்டும் சென்னையில் உயரமாக நின்றது மவுண்ட் ரோட்டில். யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காக எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1953-இல் தொடங்கிய கட்டடம் அது. லண்டன் கட்டடக் கலைஞர்கள் பிரவுனும் மவுலினும் வரைபடம் போட்டார்கள். அடுத்த ஆண்டே செட்டியார் சிங்கப்பூரில் விமான விபத்தில் இறந்தார். 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாகி, கட்டடம் எல்.ஐ.சி.யின் கைக்குப் போனது. லண்டன்காரர்கள் பாதியில் விலக, எல்.எம். சித்தாலே வேலையை முடித்தார். கட்டியது கோரமண்டல் எஞ்சினியரிங். 1959 ஆகஸ்டில் திறந்தபோது 177 அடி. அன்றைக்கு இந்தியாவிலேயே உயரமானது. கிராமத்திலிருந்து பட்டணம் போனவர்கள் 'பதினாலு மாடி' பார்த்துவிட்டு வந்தோம் என்றால் அது எல்.ஐ.சி.தான். சுண்ணாம்பும் செங்கலும் ஆண்ட ஊர் கான்கிரீட் தூணுக்கு மாறியதன் அடையாளம் அது.

அமெரிக்காவைப் போல நாம் ஏன் முழு எஃகுச் சட்டத்துக்குப் போகவில்லை? எஃகு கிடைத்தால்தானே. சுதந்திரத்துக்குப் பிறகு பல காலம் எஃகு கட்டுப்பாட்டுச் சரக்கு. பர்மிட், கோட்டா, காத்திருப்பு. ஒரு டன் எஃகை வைத்து அதிக மாடி எடுக்க வேண்டுமானால் அதைக் கம்பியாக்கிக் கான்கிரீட்டுக்குள் வைப்பதுதான் வழி. மணலும் ஜல்லியும் உள்ளூரிலேயே கிடைத்தன.

என் அப்பா அந்தக் காலத்துக் கம்பி மேஸ்திரி. அவர் வேலை கற்றது மொழுக் கம்பியில். வழவழவென்று இருக்கும்; கான்கிரீட்டைப் பிடிக்காது. அதனால் ஒவ்வொரு கம்பியின் முனையையும் கொக்கி போல வளைக்க வேண்டும். "கொக்கி போடாத கம்பி, குத்தகை எழுதாத நிலம்" என்பார். 1960-களில் முறுக்குக் கம்பி வந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த டார் ஸ்டீல். அதற்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 1786. ரான்ஸம் செய்த அதே வேலைதான், இப்போது வரி விழுந்த உருண்டைக் கம்பியில். முறுக்கியதும் அதன் தாங்குதிறன் சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டனிலிருந்து 415-க்கு ஏறியது. ஒரு தூணுக்குள் எட்டுக் கம்பி திணித்த இடத்தில் ஐந்து போதும் என்றால், தூண் மெலியும், ஜல்லி இறங்க இடம் கிடைக்கும், மேலே இன்னும் சில மாடி ஏறும். சென்னையில் 1970, 80-களின் அடுக்குமாடிகள் பெரும்பாலும் முறுக்குக் கம்பி போட்டவை.

அதற்கு ஒரு சாபமும் இருந்தது. குளிர்ந்த நிலையில் முறுக்கும்போது கம்பியின் மேல்தோல் வெடித்து உதிரும். உள்ளே இறுக்கம் தங்கிவிடும். கடற்காற்று அடிக்கிற ஊரில் அப்படிப்பட்ட கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு பருத்து, கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். இன்று பெசன்ட் நகரிலோ திருவொற்றியூரிலோ ஒரு பழைய பால்கனியின் அடிப்பக்கம் உரிந்து கம்பி தெரிகிறதென்றால் அது அநேகமாக அந்தக் காலத்துக் கம்பி.

1992 எங்கள் ஊருக்கு முக்கியமான ஆண்டு. எஃகின் மீதிருந்த விலைக் கட்டுப்பாடும், நாட்டில் எங்கே இறக்கினாலும் ஒரே சரக்குக் கட்டணம் என்ற ஏற்பாடும் அப்போதுதான் போயின. அதுவரை பிலாயிலும் ஜாம்ஷெட்பூரிலும் செய்த கம்பி சென்னையில் அதே விலைக்குக் கிடைத்ததால், இங்கே ஆலை போடுவதில் பெரிய லாபம் இல்லை. அதன் பிறகு கணக்கு மாறியது. சுமார் 45 கிலோமீட்டரில் துறைமுகம். வெளிநாட்டு இரும்புக் கழிவு கன்டெய்னரில் வந்து இறங்கும். பக்கத்திலேயே ரயிலும் நெடுஞ்சாலையும். 1971-இல் தொடங்கிய சிப்காட் நிறுவனம் இங்கே ஏற்கெனவே நிலம் எடுத்து வைத்திருந்தது. இண்டக்‌ஷன் ஃபர்னஸும் ரோலிங் மில்லும் வரிசையாக முளைத்தன. கல்கத்தாவிலும் பஞ்சாபிலும் ரோலிங் பழகிய ஆட்கள் வந்தார்கள். பின்னால் பீகார், ஒடிசா இளைஞர்கள். சித்தராஜகண்டிகைப் பக்கம் மொட்டைமாடியில் துணி உலர்த்தினால் கரித்தூள் படிகிறது என்ற புகாரும் கூடவே வந்தது. அது இன்னும் தீர்ந்தபாடில்லை.

அதே 90-களில்தான் டி.எம்.டி. கம்பி வந்தது. அது செய்யப்படுவதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஃபர்னஸில் ஒரு டன் உருக்கச் சுமார் 600 யூனிட் மின்சாரம் பிடிக்கும். அதனால் மின்வெட்டுக் காலத்தில் எங்கள் ஷிப்டை நிர்ணயித்தது கடிகாரம் அல்ல, மின்வாரியம். உருகியதை வார்த்த பில்லெட் கட்டி, ஆயிரம் டிகிரிக்கு மேலான சூட்டில் ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு நசுங்கி, நீண்டு, கடைசியில் சிவப்புக் கயிறாகச் சீறிக்கொண்டு வெளியே வரும். அந்த இடத்தில் ஒரு குழாய். அதற்குள் நாலாபக்கமும் அழுத்தமாகத் தண்ணீர் அடிக்கும். ஒரு சில நொடிதான். மேல்தோல் கறுத்து இறுகும். உள்ளே இன்னும் நெருப்பு. கூலிங் பெட்டுக்கு வந்ததும் அந்த உள்சூடு மெல்ல வெளியே ஏறி, கறுத்த தோலை மறுபடி மங்கலாகச் சிவக்க வைக்கும். அப்படித் தன் சூட்டிலேயே தன்னைப் பதப்படுத்திக்கொள்வதுதான் டி.எம்.டி.யின் ரகசியம். முறுக்கலும் இல்லை, தோல் வெடிப்பும் இல்லை. வெளியே கடினம், உள்ளே இளக்கம்.

அது சரியாக நடந்ததா என்று பார்ப்பது என் வேலை. ஒரு துண்டு வெட்டி, வெட்டுமுகத்தைக் கண்ணாடி போலத் தேய்த்து, நைட்ரிக் அமிலம் கலந்த சாராயத்தில் முக்கினால் சற்று நேரத்தில் ஓரம் முழுக்க ஒரு கருவளையம் எழும்பி வரும். நடுவே சாம்பல் நிறம். வளையம் எங்கும் ஒரே பருமனில் இருந்தால் நல்ல கம்பி. ஒரு பக்கம் மெலிந்திருந்தால் குழாயில் ஒரு துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். உடனே மில்லுக்கு ஆள் அனுப்புவேன். "சார், ஆர்டர் நிக்குது, வண்டி நிக்குது" என்று ஷிப்ட் ஃபோர்மேன் மூக்கால் அழுவார். "அண்ணே, வண்டி நிக்கட்டும், வீடு நிக்கணுமில்ல" என்பேன். இது எங்களுக்குள் வாராவாரம் நடக்கிற கச்சேரி.

2008-இல் ஐ.எஸ். 1786 திருத்தப்பட்டு 'டி' ரகங்கள் வந்தன. எஃப்.இ. 500 கம்பி அறுவதற்கு முன் 12 சதவீதமாவது நீள வேண்டும். 500டி என்றால் 16. பூகம்பத்தில் கட்டடத்தைக் காப்பாற்றுவது அந்த நீட்சிதான். வாங்குகிறவர்கள் எல்லாம் தாங்குதிறன் எண் பெரிதா என்று கேட்கிறார்கள். எவ்வளவு நீளும் என்று கேட்பவர் குறைவு.

கம்பி இத்தனை மாறியும் ஒன்று மட்டும் மாறவில்லை. அதன் நீளம் 12 மீட்டர், நாற்பது அடி. ஆலையில் அதைவிட நீளமாக ஓட்ட முடியாமல் இல்லை. ட்ரெய்லரில் ஏறாது, முக்கில் திரும்பாது. ஆகவே எவ்வளவு உயரமான கோபுரமானாலும் அது நாற்பது அடித் துண்டுகளின் ஒட்டு. ஒரு கம்பியின் தலைக்குப் பக்கத்தில் அடுத்ததன் காலை வைத்து, விட்டத்தைப் போல் 50 மடங்கு நீளத்துக்கு இரண்டையும் சேர்த்துக் கட்டுவார்கள். 32 மி.மீ. கம்பி என்றால் ஒன்றரை மீட்டருக்கு மேல் இரட்டைக் கம்பி. ஒரே மட்டத்தில் எல்லா ஒட்டும் விழுந்தால் அந்த மாடி பலவீனம். அதனால் மாற்றி மாற்றி விட வேண்டும். பெரிய கட்டடங்களில் இப்போது முனையில் மரை வெட்டி, கப்ளர் போட்டுத் திருகிவிடுகிறார்கள். ஒரு 32 மி.மீ. கம்பி சுமார் 76 கிலோ. இரண்டு ஆள் தோளில் ஏறும் பாரம். கிரேன் மேலே கொண்டு போனாலும், நிறுத்திப் பிடித்துக் கட்டுக்கம்பி முறுக்குவது ஆள் கைதான், துபாயிலும் சரி, பெரம்பூரிலும் சரி.

பெரம்பூர் என்று சும்மா சொல்லவில்லை. 1996-இல் மூடிய பின்னி மில்லின் நிலத்தில் இன்று 40 மாடியைத் தாண்டிய குடியிருப்புகள் எழுந்திருக்கின்றன. 2019-இல் வந்த தமிழ்நாட்டுக் கட்டட விதிகள் 18.30 மீட்டரைத் தாண்டினால் 'உயரமான கட்டடம்' என்கின்றன. அந்தக் கோட்டைத் தாண்டுவதற்கான அனுமதிகளும் சோதனைகளும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு தேதி சொல்வேன்: 2014 ஜூன் 28. மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடி ஒரு மழை மாலையில் சரிந்து 61 பேர் செத்தார்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் அதில் நிறைய. அடுத்த சில நாளில் எங்கள் மாவட்டத்தில் செங்குன்றம் பக்கம் ஒரு கிடங்கின் சுவர் விழுந்து 11 பேர் போனார்கள். மவுலிவாக்கத்தில் பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

கட்டிக்கொண்டிருக்கும் கட்டடம் ஒரு தனி நிலை. அறிவிப்பில் அதன் உயரம் ஏற்கெனவே முடிந்துவிட்டிருக்கும். கம்பி மட்டும் பாதியில் நிற்கும். பியோங்யாங்கின் ரியுக்யோங் ஓட்டலை 1987-இல் தொடங்கி 1992-இல் நிறுத்தினார்கள். 16 ஆண்டு உச்சியில் கிரேன் துருப்பிடித்தது. மும்பையின் வேர்ல்ட் ஒன் 442 மீட்டர் என்று அறிவித்து, விமானப் பாதுகாப்பு அனுமதி கிடைக்காமல் 280 மீட்டரில் முடிந்தது. ஒரு கிலோமீட்டரைத் தாண்டுவேன் என்று 2013-இல் தொடங்கிய ஜெத்தா கோபுரம், 60 மாடிக்கு மேல் ஏறி, 2018-இல் நின்று, 2025 ஜனவரியில்தான் மறுபடி அசைந்தது. இடைப்பட்ட ஏழு ஆண்டும் அதன் உச்சி நம் ஊர் மொட்டைமாடி மாதிரி இருந்திருக்கும்.

ஏனென்றால் எங்கள் ஊரில் எந்தத் தெருவுக்குப் போனாலும் இதைத்தான் பார்க்கலாம். தரைத்தளம் முடிந்து குடிவந்து பத்து வருஷம் ஆகியிருக்கும்; மொட்டைமாடியின் நாலு மூலையிலும் தூண் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். "பெரியவன் கல்யாணத்துக்கு மேல எடுத்துக்கலாம்" என்று விட்டுவைத்தது. அதில் துணிக் கொடி கட்டுவார்கள், பொங்கலுக்குக் கரும்பு சாத்துவார்கள். கோபுரம் அறிவிக்கிற நாடுகளுக்கும் இவர்களுக்கும் காசில்தான் வித்தியாசம். அடுத்த மாடி வந்தே தீரும் என்ற நம்பிக்கை ஒன்றுதான். அந்த நம்பிக்கையை நான் கேலி செய்ய மாட்டேன். அதில்தான் எங்கள் ஆலைகள் ஓடின, என் பிள்ளைகள் படித்தார்கள்.

ஆனால் நீட்டி வைத்த கம்பிக்கு ஒரு பராமரிப்பு உண்டு. விட்டுவைக்கும் அன்றே சிமெண்ட் பால் பூசுங்கள். நாள் ஆகும் என்று தெரிந்தால் சன்னமான கலவையால் மூடிவிடுங்கள். மறுபடி வேலை தொடங்கும்போது துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு, ஒட்டுக்கு வேண்டிய நீளம் போக மிச்சமிருந்தால் முனையில் ஒரு மீட்டரை அளந்து வெட்டி எடை போடுங்கள். கணக்கு எளிது: மில்லிமீட்டரில் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பி என்றால் 889 கிராம். ஐந்து சதவீதம் வரை குறைவதைத் தரவிதியே ஏற்கிறது. 844 கிராமுக்குக் கீழே போனால் கொத்தனாரை அனுப்பிவிட்டு முதலில் எஞ்சினியரைக் கூப்பிடுங்கள். கல்யாணத் தேதியைத் தள்ளிவைத்தாலும் பரவாயில்லை.